பாட்டுக்கு முன்னால நாலு தட்டு

கொஞ்சம் பையப் பேசுவோம்மா. அவ அடுப்படியில நிக்கா. என் தங்கச்சி ஜெசிந்தா. கதவு சாத்தித்தான் இருக்கு, ஆனா இந்த ஊரு உப்புக் காத்துல மரமெல்லாம் இத்துப்போயி, எந்தக் கதவும் ஒழுங்காப் பொருந்தாது. மிக்ஸி ஓடும்போது நான் சொல்லுதேன். நின்னுச்சுன்னா நீங்க வேற ஏதாவது கேளுங்க. தூத்துக்குடியில மழையுண்டான்னு கேளுங்க, மெட்ராஸ்ல வெயிலான்னு நான் கேக்கேன். சரியா?

இந்தக் காலர்ல குத்தியிருக்கீங்களே, இதுவா மைக்கு? இம்புட்டூண்டா? எங்க காலத்துல ஆளுயரத்துக்கு ஒரு மைக்கு, அதுல முக்காவாசி நேரம் கொர்ருன்னு கொரட்டைதான். சரி, அந்த ஸ்டாண்டுல நிக்க கேமராவும் இதும் ஓடுதா? ஓடட்டும்.

மொதல்ல என் பேரை எழுதிக்கிடுங்க. கஸ்மீர் ரொட்ரிகோ, பாங்கோஸ். கையால தட்டுத ரெட்டைக் கொட்டு. எல்லாரும் தெயோபில், தெயோபில்ங்காங்க. பாட்டு எழுதினது அவன், கிட்டார் வாசிச்சது அவன், பாடினது அவன், எல்லாம் சரிதான், நான் இல்லைங்கல. அவன் போன மாசம் தவறினதும் ‘மணியோசைப் பாட்டு பிறந்த கதை’ன்னு எத்தனை பேர் எழுதிட்டாங்க. ஒருத்தனாவது, பாட்டு ஆரம்பிக்கதுக்கு முன்னாடி நாலு தட்டு தட்டுதானே ஒருத்தன், அவன் யாருன்னு கேட்டானா? அந்த நாலு தட்டைக் கேட்டவுடனே இது என்ன பாட்டுன்னு சின்னப் பிள்ளை சொல்லிரும்லா? நீங்க ஒருத்தர்தான் கேட்டு வந்திருக்கிய. அதுக்காகத்தான் வாயைத் தொறக்கேன்.

மிக்ஸி ஓடுது. தேங்காய் அரைக்கா. இப்ப சொல்லுதேன்.

‘மணியோசை அடங்கட்டும், மறுபடி ஒருமுறை சொல்லு.’ அதுதான பல்லவி? இந்த மணி என்ன மணின்னு நாப்பது வருஷமா ஆளாளுக்குக் கதை. பள்ளிக்கூட மணின்னு ஒருத்தன். ரயில்வே ஸ்டேஷன் மணி, காதலி ரயில்ல போறா, அவ சொன்னது கேக்கலன்னு ஒருத்தன். கொழும்புல ஒரு நர்ஸைக் காதலிச்சான், அது ஆஸ்பத்திரி மணின்னு ஒரு பெரிய மனுசன் பத்திரிகையில எழுதிட்டான். தெயோபில் கொழும்பையே பாத்ததில்லம்மா. அவன் பாட்டுதான் சிலோன் ரேடியோவுல போச்சு, அவன் போகல. இப்ப கல்யாண வீட்டுக்கெல்லாம் இந்தப் பாட்டைப் போடுதான். பொண்ணு மாப்பிள்ளை கையைப் பிடிச்சு நடந்து வரும்போது போடுதான். எனக்குச் சிரிப்பா வரும்.

அது கோயில் மணிம்மா. எங்க பங்குக் கோயில் மணி. என் தங்கச்சி கல்யாணத்தன்னைக்கி அடிச்ச மணி. ஆமா, உள்ள தேங்காய் அரைக்காளே, அவளேதான் அந்தப் பொண்ணு.

அப்படிப் பாக்காதிய. இதுல அசிங்கம் ஒண்ணும் கிடையாது. கேட்டா நீங்களே நான் செஞ்சது சரின்னுதான் சொல்லுவிய.

எங்க அப்பா போனப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு, அவளுக்கு இருபத்தொண்ணு. அம்மா அதுக்கு முன்னாலயே போயாச்சு. அன்னையிலிருந்து அவளுக்கு அப்பனும் நான்தான் ஆத்தாளும் நான்தான். நாங்க நாலஞ்சு பேர் சேந்து ‘நீலக்கடல் இன்னிசைக் குழு’ன்னு ஒண்ணு வச்சிருந்தோம். ஞாயித்துக்கிழமை கோயில்ல பூசைக்குப் பாடுவோம், மத்த நாள் கல்யாண வரவேற்பு, மாதா கெபித் திருவிழா. பயிற்சியெல்லாம் இதே ரூம்லதான். நீங்க உக்காந்திருக்க இடத்துலதான் தெயோபில் உக்காருவான். ஐஸ் ஃபாக்டரியில மெஷின் பாக்க வேலை அவனுக்கு. கை எப்பவும் சில்லுன்னு இருக்கும், கொஞ்ச நேரம் தேச்சுக்கிட்டுத்தான் கிட்டாரைத் தொடுவான். ஜெசிந்தாவும் கோயில் குழுவுல பாடுவா. நல்ல குரல். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குரல்.

என் வீட்டுல, என் கண்ணு முன்னால, நான் பாங்கோஸ் தட்டத் தட்ட ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்க. நான் தாளத்தைப் பாப்பேனா, இவங்க மூஞ்சியப் பாப்பேனா? எனக்கு எப்படித் தெரியும்?

அந்த நேரத்துலதான் மணப்பாடு ஊர்ல இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளை கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை. பேரு சில்வெஸ்டர். தங்கமான மனுசன், குடி கிடையாது, வெத்தலை கூடக் கிடையாது. அவரோட தாய்மாமா இங்க ஹார்பர்ல ஃபோர்மேன். நான் சரின்னு வாக்கு கொடுத்தேன். கல்யாணம் முடிஞ்ச மறுமாசம் எனக்கு ஹார்பர்ல வேலை கிடைச்சுது, வாஸ்தவந்தான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த மாமா யாருக்கும் உதவுற மனுசன். இதை நீங்க போட வேண்டாம்.

நின்னுட்டா? இல்ல, மறுபடி ஓடுது.

எங்க வேதத்துல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாங்க. பூசை முடியும்போது பங்குச் சாமியார் சொல்லுவாரு, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் மெய்விவாகம் நடக்கப்போகுது, இதுக்குத் தடை ஏதாவது தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னு. மூணு ஓலை வாசிச்சும் யாரும் வரலன்னா கல்யாணம். மொத ஓலை வாசிச்ச அன்னைக்கி நாங்க எல்லாரும் கோயில் வாசலுக்கு மேல இருக்க பாட்டு மாடியில நிக்கோம். ‘ஜெசிந்தா’ன்னு சாமி சொன்னதும் தெயோபில் கை கிட்டார்ல நின்னுபோச்சு. கடைசிப் பாட்டு முழுக்க வெறும் பாங்கோஸ்லதான் ஓடிச்சு. நான்தான் தாங்கிப் பிடிச்சேன். அதையும் யாரும் சொல்ல மாட்டான்.

பூசை முடிஞ்சு எல்லாரும் இறங்குன பிறகு அவன் என்னை மாடியிலயே நிறுத்திட்டான். “கஸ்மீரு, எனக்கும் அவளுக்கும் பேச்சு முடிஞ்சாச்சு. ரெண்டு வருஷமா. நீ வேணா அவகிட்டயே கேளு”ன்னான்.

எனக்கு எப்படி இருக்கும்? கூடப் பிறந்தவன் மாதிரி வச்சிருந்தேன். ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். அடிச்சிருப்பேன், கோயில்ங்கதால கையை மடக்கிக்கிட்டேன். “வாக்கு கொடுத்தாச்சுல. இனி ஒண்ணும் பேசாத”ன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிட்டேன்.

அவகிட்டக் கேட்டேனான்னா கேக்கிய? கேக்கல. கேட்டு என்ன ஆகப்போகுது? ஆமான்னு சொன்னா நான் என்ன செய்ய? இல்லைன்னு சொன்னா நம்பவா முடியும்? கேக்காம இருக்கதுதான் ரெண்டு பேருக்கும் மரியாதை. அப்படித்தான் நான் நெனச்சேன், இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன்.

ரெண்டாவது ஓலை முடிஞ்ச அன்னைக்கி மத்தியானம் எனக்குச் சோறு வச்சிட்டு எதுத்தாப்புல நின்னா. சாப்பிடும்போது அவ அப்படி நிக்கமாட்டா. “அண்ணே, எங்கிட்ட யாருமே ஒண்ணும் கேக்கல”ன்னா. நான் சாப்பிட்டுக்கிட்டே இருந்தேன். “பரவாயில்ல. கோயில்ல சாமி கேப்பார்லா, அப்பச் சொல்லிக்கிடுதேன்”னா. அவ்வளவுதான். கோவமா இல்ல, அழல, ஒண்ணும் இல்ல. ரசம் ஊத்தட்டான்னு கேக்க மாதிரிச் சொன்னா.

அந்த ஒரு பேச்சு என் தூக்கத்தைக் கெடுத்துட்டும்மா. என்ன சொல்லிக்கிடுவா? சம்மதம்னு சொல்லுவாளா, இல்லைன்னு சொல்லிருவாளா? ஐந்நூறு பேருக்கு முன்னால, மணப்பாட்டுக்காரங்க மூணு பஸ்ஸுல வந்து உக்காந்திருக்கும்போது, பொண்ணு இல்லைன்னு சொன்னா நான் எங்க போயி மூஞ்சிய வைப்பேன்? பொண்ணு வாயால சம்மதம் சொல்லாட்டா அது மெய்விவாகமே இல்லன்னு சாமியே பிரசங்கத்துல எத்தனை தரம் சொல்லியிருக்காரு. தாலி ஏறினாலும் செல்லாது. அவ அந்தப் பிரசங்கத்தையெல்லாம் காதுல வாங்கி வச்சிருந்திருக்கா.

தெயோபில்கிட்டயும் அதையேதான் சொல்லி அனுப்பியிருக்கா போல. மூணாவது ஓலைக்கு மொத நாள் வந்து நின்னான். “நாளைக்கு நான் எந்திரிச்சுத் தடை சொல்லப்போறதில்ல. அவளே சொல்லுதேன்னு சொல்லிட்டா. அவ வாயால சம்மதம்னு சொல்லிட்டான்னா நான் இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன். அவ என்ன சொல்லுதான்னு என் காதால கேக்கணும். கல்யாணத்தன்னைக்கி நான் மாடியில கிட்டார் வாசிக்கேன். அதுக்கு மட்டும் தடை சொல்லாத.”

வேண்டாம்னு நான் சொல்லியிருக்கலாம். ஆனா தெயோபில் இல்லாம நீலக்கடல் குழு வாசிச்சா ஊரு வாயை யாரு மூடுவா? என்ன ஏதுன்னு நோண்டுவாங்க. சரின்னுட்டேன். மூணாவது ஓலையும் வாசிச்சாங்க. ஒருத்தரும் வரல.

இப்ப நீங்க நல்லாக் கவனிக்கணும், இங்கதான் என் வேலை வருது. பாட்டு மாடிக்கும் பீடத்துக்கும் நூறடி இருக்கும். பீடத்துல பேசறது மேல எங்களுக்குச் சரியாக் கேக்காது. அதுவும் எங்க ஊருப் பொண்ணுங்க சம்மதத்தைச் சத்தமாச் சொன்னா வாயாடின்னு பேர் வந்துரும்னு உதட்டோட சொல்லுவாங்க. பக்கத்துல நிக்க சாமிக்கே குனிஞ்சாத்தான் கேக்கும். அதனால ஒரு ஏற்பாடு. கோயில்பிள்ளை சூசை மாமான்னு ஒருத்தர், பீடத்து வேலையெல்லாம் பாப்பாரு. பொண்ணு சம்மதம்னு சொன்னதும் அவர் வலது கையைத் தூக்குவாரு. அதை நான் மாடியில இருந்து பாத்து நாலு தட்டு தட்டுவேன். டக், டக், டக், டக். உடனே மாடியில நிக்க கோயில் பாட்டுக் குழு முப்பது பேரும் எடுத்துக் கத்துவாங்க பாட்டை. பாட்டுச் சத்தம் கேட்டதும் கீழ மணிக் கயித்தைப் பிடிச்சிருக்கவன் இழுப்பான். மணிச் சத்தம் கேட்டதும் வெளிய வெடி. ஒண்ணு பின்னால ஒண்ணு. எல்லாத்துக்கும் ஆரம்பம் என் விரல்.

இப்ப புரியுதா, நான் யாருன்னு?

அன்னைக்கி காலையில ஒன்பது மணிப் பூசை. மாப்பிள்ளைகிட்ட சாமி கேட்டாரு, அவர் இன்ஜின் ரூம்ல பேசிப் பழகுன மனுசன், சம்மதம்னு சொன்னது எங்களுக்கே கேட்டுச்சு. அடுத்து இவகிட்டக் கேட்டாரு. பெரிய சாமிக்கு எழுபத்தாறு வயசு, வலது காது மந்தம். குனிஞ்சாரு. இவ கல்யாண வலைத்துணி போட்ட தலையோட நேரா நிக்கா. நான் சூசை மாமா கையையே பாத்துக்கிட்டிருக்கேன். கை கீழதான் இருக்கு.

தெயோபில் எனக்கு எடது பக்கம். கிட்டாரை விட்டுட்டு ரெண்டு கையாலயும் மாடிக் கம்பியைப் பிடிச்சிட்டு எட்டிப் பாக்கான். சாமி நிமிர்ந்தாரு. மறுபடி குனிஞ்சாரு. ரெண்டாந்தரம் கேக்காருன்னு எனக்குப் புரிஞ்சிட்டு. கோயிலே அடங்கிப்போச்சு. முன்வரிசையில ஒரு பொம்பள கழுத்தைத் திருப்பிப் பாக்கா. ஜெசிந்தா தலையை நிமித்துனா. மூச்சு இழுத்தா. பாட்டுக்கு முன்னால மூச்சு இழுப்பால்லா, அதே மாதிரி, தோள் ரெண்டும் மேல ஏறிச்சு. நாலு வருஷம் அவளைப் பாட வச்சவன் நான், எனக்குத் தெரியாதா? சம்மதம்னு சொல்ல யாருக்கும்மா அவ்வளவு மூச்சு வேணும்?

நான் தட்டிட்டேன்.

ஆமா. சூசை மாமா கையைத் தூக்கல. நான் தட்டிட்டேன். டக், டக், டக், டக். முப்பது பேரும் எடுத்தாங்க. மணி அடிச்சுது. வெளிய வெடி. மாப்பிள்ளை வெடிச் சத்தத்துக்குத் திரும்பிப் பாத்தாரு. சாமி, மேல பாட்டே வந்தாச்சு, தனக்குத்தான் காது கேக்கலன்னு நெனச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே சிலுவை வரைஞ்சாரு. தாலி எடுத்துக் கொடுத்தாரு. ஜெசிந்தா வாய் அசைஞ்சுது. அதை நான் பாத்தேன். ஒரு வார்த்தை என்னமோ சொன்னா. அந்தச் சத்தத்துல ஒரு மனுசருக்கும் கேட்டிருக்காது.

அதுக்கு மேல அவ என்ன செய்வா? ஒரு தரம் திரும்பி மேல மாடியைப் பாத்தா. தெயோபிலைப் பாத்தாளோ, என்னைப் பாத்தாளோ, தெரியல. அப்புறம் கழுத்தை நீட்டிட்டா. கோயில் புஸ்தகத்துல கையெழுத்தும் போட்டா. நல்லா யோசிச்சுப் பாருங்க, சம்மதம் இல்லாதவ கையெழுத்துப் போடுவாளா? பேனாவை விட்டெறிஞ்சிருக்கலாம்ல? முத்து முத்தா எழுதினா, ஜெசிந்தா ரொட்ரிகோன்னு. நான் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கிடுவேன்.

பாட்டு முடிஞ்சதும் தெயோபில் என் சட்டையைப் பிடிச்சான். “என்ன சொன்னா? எனக்குக் கேக்கல. நீ கேட்டியா? சொன்னாளா?”

“சொன்னா. சம்மதம்னு சொன்னா. நான் கேட்டேன்”னேன்.

அவன் சட்டையை விட்டான். கிட்டாரைக் கூட எடுக்கல, அப்படியே படியிறங்கிப் போயிட்டான். மறுநாள் ஐஸ் ஃபாக்டரிக்கும் வரலன்னாங்க. மதுரைக்குப் போயிட்டான்.

பொய்தான். ஆனா யாருக்கு என்ன கெட்டுப்போச்சு, சொல்லுங்க? அவ ராணி மாதிரி இருந்தா. மணப்பாட்டுல மச்சு வீடு. சில்வெஸ்டர் பத்து மாசம் கடல்ல, ரெண்டு மாசம் வீட்டுல. வரும்போது சென்ட்டு, சேலை, டேப்ரெக்கார்டர். ஒரு பையன், மஸ்கட்ல நல்லாருக்கான். சில்வெஸ்டர் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. ஒத்தையில கிடக்க வேண்டாம்னு நான்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். என் வீட்டுக்காரியும் போயிட்டா, அடுப்படிக்கும் ஆள் வேணும்ல. இத்தனை வருஷத்துல எங்கூட ஒரு தரம் சண்டை போட்டிருப்பாளா? கிடையாது. ஒரு சொல் கூடக் கடுமையாச் சொன்னதில்ல. சோறு வச்சாச்சு, மாத்திரை போட்டாச்சா, தண்ணி வந்துட்டு. அவ்வளவுதான் பேசுவா. பாடுறதை மட்டும் கல்யாணத்தோட விட்டுட்டா. தொண்டை சரியில்லன்னா. இருக்கலாம், மணப்பாட்டுத் தண்ணி உப்பு.

பாட்டுக் கதையை விட்டுட்டேனே. ஒண்ணரை வருஷம் கழிச்சு தெயோபில் ஆள் விட்டான், மதுரையில கேசட் போடுதேன், பாங்கோஸுக்கு நீதான் வரணும்னு. எனக்குப் பெருமைதான். பழசையெல்லாம் மறந்துட்டான், பாத்தியளா, பெரிய மனசுன்னு நெனச்சேன். ஹார்பர்ல லீவு போட்டுட்டுப் போனேன். ஆள் பாதியாயிருந்தான். கையைத் தேய்க்க வழக்கமெல்லாம் போயிருந்துச்சு. பாட்டைப் பாடிக் காட்டினான். ‘மணியோசை அடங்கட்டும், மறுபடி ஒருமுறை சொல்லு.’ அது எந்த மணின்னு எனக்குத் தெரிஞ்சிட்டு. நான் ஒண்ணும் காட்டிக்கிடல. நல்லாருக்குல, எப்படி ஆரம்பிக்கன்னு கேட்டேன்.

“கிட்டாருக்கு முன்னால நாலு தட்டு வேணும். அன்னைக்கிக் கோயில்ல தட்டினியே, அதே மாதிரி. அதே அவசரத்தோட”ன்னான்.

தட்டினேன். இல்லன்னான். மறுபடி தட்டினேன். இன்னும் அவசரம் வேணும்னான். பதினோரு தரம் தட்ட வச்சாம்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங்காரரே கடுப்பாயிட்டாரு. பதினோராவது தடவை எனக்கு விரல் நடுங்கிட்டு. அதுதான் அன்னைக்கி மாதிரியேன்னு அதையே வச்சிட்டான். நீங்க போன்ல கேக்கியளே, அந்த நாலு தட்டு, அது அந்த நடுக்கந்தான்.

எல்லாம் முடிஞ்சு டீ குடிக்கும்போது கிளாஸைப் பாத்துக்கிட்டே சொன்னான். “மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். சூசை மாமாவைப் பாத்தேன். அன்னைக்கி அவர் கையைத் தூக்கவேயில்லையாமே, கஸ்மீரு.”

நான் டீயைக் குடிச்சேன். சூடு. நாக்கு வெந்துபோச்சு. அவன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்திவிட்டான். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் எங்கிட்டப் பேசல. கேசட் வந்துச்சு, ஆசையா வாங்கிப் பாத்தேன். பாடல், இசை, குரல், கிட்டார் எல்லாத்துக்கும் பேரு போட்டிருக்கு. தாளத்துக்கு மட்டும் ‘நண்பர்’னு போட்டிருக்கான். நண்பர்! பேரே கிடையாது. நாப்பது வருஷமா அந்த ஆத்திரம் எனக்கு. நான் அன்னைக்கித் தட்டலன்னா இவனுக்கு ஏது பாட்டு? அவளைக் கட்டிக்கிட்டு ஐஸ் ஃபாக்டரியிலயே கிடந்திருப்பான், ஒரு பய அறிஞ்சிருக்க மாட்டான். அந்தப் பாட்டைப் பிறக்க வச்சவன் நான். இதை நீங்க கண்டிப்பாப் போடணும். சூசை மாமா விஷயத்தை மட்டும் விட்டுருங்க. அவர் அவசரப்பட்டுக் கையைத் தூக்கிட்டாருன்னுதான் ஜெசிந்தாகிட்ட அப்பவே சொல்லி வச்சிருக்கேன். பாவம், அவரும் போயிட்டாரு. அவ அதைத்தான் நம்பிக்கிட்டிருக்கா, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.

என்ன, நீங்க எழுதாம அந்தக் கதவையே பாக்கிய?

மிக்ஸி... எப்ப நின்னுச்சு?

எப்ப நின்னுச்சும்மா? நீங்க சொல்லக்கூடாதா? மழை பெய்யுதான்னு கேளுங்கன்னேனே. நான் எதுவரைக்கும்... டீ குடிச்ச இடத்துலயா? அதுக்கும் முன்னாலயா? அதுக்கும் முன்னாலன்னா எதுவரைக்கும்?

வா, ஜெசிந்தா. டீயா? வை, வை. இது மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கவங்க. சும்மா பழைய கதை பேசிக்கிட்டிருக்கோம், ஹார்பர் கதை. உனக்கு அடுப்புல ஏதாவது... என்ன? சூசை மாமாவா? அவர் கையைத் தூக்கினாரு, நான்தான் சொன்னேனே. இப்ப இவங்ககிட்ட நான் சொன்னது வேற, அது கதைக்காக... ஏன் உக்காருத? நீ இந்த ரூம்ல உக்கார மாட்டியே. ஜெசிந்தா, வந்தவங்க முன்னால என்ன இது?

ஏன் என் சட்டைப் பக்கம் வார? அது மைக்கு, அதைப் பிடிக்காத. அவங்க சாமானம், உடைஞ்சிரும். விடு. ஏன் இப்படி மூச்சு இழுக்க?

...

போயிட்டா. அடுப்படிக்குப் போயிட்டா. ஒண்ணும் இல்லம்மா, நீங்க டீயைக் குடிங்க. வயசாயிட்டு அவளுக்கு, சில நேரம் இப்படித்தான். என்ன சொன்னான்னு எனக்குச் சரியாக்கூட... கேட்டுச்சு. கேக்காம என்ன. எவ்வளவு தெளிவாச் சொன்னா. “எனக்குச் சம்மதம் இல்ல, சாமி.” இங்க சாமியா இருக்காரு? மைக்கைப் பிடிச்சிக்கிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்க மாதிரி. அழுகை கூட இல்ல.

இது ஓடிக்கிட்டுத்தான இருக்கு? பதிவாயிட்டா? முழுசாவா?

அதை எடுத்துருங்கம்மா. என் பேரைப் போடாட்டாலும் பரவாயில்ல, நண்பர்னே போட்டுக்கிடுங்க. இதை மட்டும் எடுத்துருங்க. எடுக்க முடியாதா? கேமராவுலயும் இருக்கா? அப்படின்னா ஒண்ணு செய்யுங்க. உங்ககிட்டத்தான் அந்தப் பாட்டு இருக்குமே, அவ மூச்சு இழுக்கா பாருங்க, சரியா அந்த இடத்துல பாட்டைப் போட்டுருங்க. நாலு தட்டு விழுந்துச்சுன்னா அவ சொல்லுறது யாருக்கும் கேக்காது.